கூரைக்குக் காற்று, சீலிங்குக்கு அடைப்பு

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் குடியிருக்கும் வீடு 1961ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஒற்றைத்தள பங்களா. மூன்று குளிர்காலங்களாக அதன் வடக்குப் பக்கத்துப் பீலியில் முழங்கை நீளத்துக்குப் பனிக்கட்டிகள் தொங்கிக்கொண்டிருந்தன. கனடாவில் இது வழமைதானே என்று நாங்களும் கவனியாமல் விட்டுவிட்டோம். மூன்றாவது பெப்ரவரியில் அம்மாவின் அறைச் சீலிங்கில், வெளிச்சுவரை ஒட்டிய மூலையில், தேநீர் நிறத்தில் ஒரு கறை தோன்றி ஒரு வாரத்துக்குள் உள்ளங்கை அளவுக்குப் பரவியபோதுதான் கூரையைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். ஷிங்கிள், அதாவது கூரையின் மேல் ஓடுபோல் அடுக்கும் தார்த்தகடு, பழுதாகியிருக்கும் என்பதே முதல் எண்ணம். ஆனால் ஷிங்கிள் மாற்றி ஆறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. கூரை வேலைக்காரர் ஏறிப் பார்த்துவிட்டு, மேலே குறை ஒன்றும் இல்லை, குறை உங்கள் சீலிங்கில் இருக்கிறது என்றார். அந்தக் குறையை ஸ்பிரே ஃபோம் என்னும், தெளித்து அடிக்கும் நுரையால் நாங்கள் அடைத்த கதை இது.

கூரை வேலைக்காரர் விளக்கியது இதுதான். வீட்டின் சூடான காற்று சீலிங்கின் இடுக்குகள் வழியாக, கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள அட்டிக்குக்குள் ஏறிக் கூரைப் பலகையைச் சூடாக்குகிறது. பலகையின் மேல் கிடக்கும் வெண்பனியின் அடிப்பாகம் உருகி வழிந்து, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குளிர்ந்த இறவாரத்தை அடைந்ததும் மறுபடியும் உறைகிறது. உறைந்த கட்டி ஓர் அணைபோல் நின்று பின்னால் வரும் நீரைத் தேக்க, தேங்கிய நீர் ஷிங்கிள்களின் அடியால் பின்னோக்கி ஏறி உள்ளே இறங்குகிறது. மேலிருந்து கீழே ஓடும் மழைநீருக்காக அடுக்கப்பட்ட ஷிங்கிள்கள், தேங்கி நிற்கும் நீரைத் தடுக்கமாட்டா. நாங்கள் கண்ட பனிக்கட்டிகள் அந்த அணையின் வெளி விளிம்பு.

அடுத்த ஞாயிறு காலை, வெளியே மைனஸ் பதினைந்து பாகை இருந்தபோது, அலுமாரி அறையின் சீலிங்கில் உள்ள மூடியைத் தள்ளிக்கொண்டு டோர்ச்சுடன் மேலே ஏறினேன். கூரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு வந்திருந்த ஷிங்கிள் ஆணிகள் ஒவ்வொன்றின் நுனியிலும் உறைபனி மல்லிகை மொட்டைப்போல் படிந்திருந்தது. நூற்றுக்கணக்கான ஆணிகள், நூற்றுக்கணக்கான மொட்டுகள். எங்கள் சமையலறையிலும் குளியலறையிலும் எழுந்த நீராவிதான் அங்கே போய் உறைந்திருக்கிறது. வெயில் ஏறும்போது அது உருகிச் சொட்டும். சொட்டினால் மரம் நனையும்.

வெப்பக்காப்புக்காகச் சீலிங்கின் மேல் விரித்திருந்த கண்ணாடி இழைப் பாளங்களில் ஒன்றை உயர்த்திப் பார்த்தேன். நாலு அங்குலத் தடிப்புக்கு அமுங்கிக் கிடந்த அந்தப் பாளத்தின் அடிப்பக்கம், உட்சுவர் ஒன்று சீலிங்கைச் சந்திக்கும் கோட்டுக்கு நேர் மேலே, நீளமாகக் கறுத்திருந்தது. பூஞ்சணம் என்று பயந்துவிட்டேன். சில நாட்களின் பின் வந்த எரிசக்தி மதிப்பீட்டாளர்தான், அது பெரும்பாலும் தூசி என்று விளங்கப்படுத்தினார். கண்ணாடி இழை காற்றைத் தடுக்காது, வடிகட்டும். அறுபது ஆண்டுகளாக வீட்டுக்குள்ளிருந்து மேலே போன காற்று, போகும் வழியெல்லாம் தன் தூசியை அந்த இழைகளில் விட்டுச் சென்றிருக்கிறது. எங்கெங்கே கறுப்போ அங்கெல்லாம் ஓட்டை. குளியலறை விசிறியைச் சுற்றி, விளக்குப் பெட்டிகளைச் சுற்றி, கழிவுநீர்க் குழாயின் காற்றுப்போக்கி மேலே செல்லும் இடத்தில், ஒவ்வொரு உட்சுவரின் தலைச்சட்டத்திலும் அந்தக் கறுப்பு இருந்தது. அவர் முன்வாசலில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தி, வீட்டின் அழுத்தத்தை வெளியைவிட 50 பாஸ்கல் குறைத்து அளந்தபோது, வீட்டிலுள்ள காற்று முழுவதும் மணிக்கு ஏழு தடவைக்கு மேல் மாறுகிறது என்று வந்தது. விசிறி ஓடும்போது அட்டிக் மூடியின் விளிம்பில் கையை வைத்தேன். குளிர்காற்று கை ரோமத்தைத் தள்ளிக்கொண்டு இறங்கியது.

அன்றைக்கு எனக்குத் தெளிவானதை இங்கே முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு நான் எடுத்த முடிவுகள் எல்லாம் இதிலிருந்து வந்தவை. எங்கள் வீட்டுக்கு முதலில் வேண்டியிருந்தது காற்றடைப்பு. தடிப்பான வெப்பக்காப்பு அதற்கு அடுத்த வேலை. ஓட்டைகளை அப்படியே விட்டுவிட்டு மேலே இன்னும் ஓர் அடி கண்ணாடி இழையைக் குவித்திருந்தால், அட்டிக் முன்னைவிடக் குளிர்ந்திருக்கும், நீராவியோ முன்போலவே ஏறிக்கொண்டிருக்கும், ஆணிகளில் உறைபனி கூடியிருக்கும். ஸ்பிரே ஃபோம் என்னைக் கவர்ந்தது இந்த ஒரு காரணத்தால்தான். அது காற்றடைப்பையும் வெப்பக்காப்பையும் ஒரே வேலையில் தருகிறது.

ஸ்பிரே ஃபோம் என்பது பொலியூரித்தேன் நுரை. ஒரு பீப்பாயில் ஐசோசயனேட்டு, மற்றதில் பொலியோலுடன் வினையூக்கியும் தீத்தடுப்பியும் நுரைக்கும் பொருளும் சேர்ந்த கலவை. இரண்டும் சூடேற்றப்பட்ட குழாய்களில் தனித்தனியாக வந்து துப்பாக்கியின் முனையில்தான் கலக்கின்றன. ஆகவே வீட்டுக்கு வருவது இரண்டு மூலப்பொருட்கள் மட்டுமே; ஃபோம் தயாராவது உங்கள் அட்டிக்கில். வெப்பநிலை, கலவை விகிதம், மரத்தின் ஈரம், அடிப்பவரின் கை எல்லாம் சேர்ந்துதான் அதன் தரத்தைத் தீர்மானிக்கின்றன. ஃபோமின் வணிகப் பெயரைவிட அதை அடிக்கும் ஆளைப் பற்றி நான் அதிகம் விசாரித்தது அதனால்தான்.

நுரையின் சிறு குமிழிகளான கண்ணறைகள் திறந்திருப்பது, மூடியிருப்பது என இதில் இரண்டு வகை உண்டு. திறந்த கண்ணறை ஃபோம் கன அடிக்கு அரை இறாத்தல் எடை, மென்மையானது, அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-3.7 வெப்பத்தடை தரும் (ஆர் எண் கூடினால் தடையும் கூடும்). காற்றைத் தடுத்தாலும் நீராவியைக் கடக்க விடும். மூடிய கண்ணறை ஃபோம் கன அடிக்கு இரண்டு இறாத்தல், கட்டியானது, அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-6, இரண்டு அங்குலத் தடிப்பில் நீராவித் தடுப்பாகவும் நிற்கும். ஒன்ராறியோக் குளிரில் இந்தக் கடைசிக் குணம் பெரிது. 1961இல் கட்டிய எங்கள் வீட்டின் சீலிங்குக்கு மேல் பொலித்தீன் தாள் எதுவும் விரித்திருக்கவில்லை. திறந்த கண்ணறை ஃபோம் அடித்திருந்தால் நீராவிக்கு வேறொரு தடுப்பு தேடியிருக்க வேண்டும்.

மூன்று இடங்களில் விலை கேட்டேன். முதலாமவர் கூரைப் பலகையின் அடிப்பக்கத்தில் ஃபோம் அடித்து, இறவாரத்தின் காற்றுத் துவாரங்களை எல்லாம் மூடி, அட்டிக்கையே வீட்டின் ஒரு பகுதியாக்கிவிடலாம் என்றார். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸோ அதன் காற்றுக்குழாய்களோ அட்டிக்கில் இருக்கும் வீடுகளுக்கு, அதாவது அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பெரிதும் காணப்படும் வீடுகளுக்கு, அது நல்ல யோசனை. எங்கள் ஃபர்னஸ் நிலக்கீழறையில் இருக்கிறது; அட்டிக்கில் பழைய பெட்டிகள்கூட இல்லை. பயன்படுத்தாத ஓர் இடத்தைச் சூடாக வைத்திருப்பதற்கும், சாய்வான கூரையின் கூடிய பரப்பளவுக்கு ஃபோம் வாங்குவதற்கும் எனக்கு நியாயம் தெரியவில்லை. அத்துடன் ஷிங்கிள் ஒழுகினால் நீர் ஃபோமுக்கும் பலகைக்கும் இடையில் ஒளிந்து நிற்கும், மரம் உக்கிய பிறகுதான் நமக்குத் தெரியவரும் என்ற அச்சமும் இருந்தது. இங்கிலாந்தின் லண்டனில் இருக்கும் என் சித்தியின் மகன் இதே காரணத்தால் வீடு விற்க முடியாமல் தவித்திருக்கிறார். அங்கே பல அடைமான நிறுவனங்கள் கூரையின் அடியில் ஃபோம் அடித்த வீட்டுக்குக் கடன் கொடுக்கத் தயங்குகின்றன, ஏனென்றால் ஃபோம் மூடிய மரத்தின் நிலையை அளவையாளரால் பார்க்க முடிவதில்லை.

இரண்டாமவர் சீலிங்கின் மேல் அடிக்கச் சம்மதித்தார், ஆனால் ஆறு அங்குலத்தையும் ஒரே ஓட்டத்தில் அடித்து ஒரு முற்பகலில் முடித்துவிடுவதாகச் சொன்னார். கலவை வினைபுரியும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. சாதாரண மூடிய கண்ணறை ஃபோமை ஒரு தடவையில் இரண்டு அங்குலத்துக்கு மேல் அடிக்காமல், அது குளிர்ந்த பிறகு அடுத்த படையை அடிப்பதே முறை. தடிப்பாக அடித்தால் உள்ளே கருகும், விரிசல் விடும், தீப்பிடிக்கவும் கூடும். அந்த விலைப்பட்டியலை அன்றே ஒதுக்கி வைத்தேன்.

மூன்றாமவர் ஓர் இளைஞர். என்ன செய்யப்போகிறார் என்று சொல்வதற்கு முன், ஃபோம் அடிப்பவருக்குரிய, படத்துடன் கூடிய சான்று அட்டையைத் தானாகவே எடுத்துக் காட்டினார். கனடாவில் மூடிய கண்ணறை ஃபோமுக்கு, பொருளுக்கு ஒன்று, அதை அடிக்கும் முறைக்கு ஒன்று என இரண்டு தரநிலைகள் உண்டு: யூஎல்சி எஸ்705.1, எஸ்705.2. இரண்டாவது தரநிலைப்படி, அடிப்பவர் சான்று பெற்றவராக இருக்க வேண்டும்; ஒவ்வொரு நாளும் ஃபோமின் அடர்த்தியையும் ஒட்டும் திறனையும் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவின் பிரதியைத் தருவீர்களா என்று கேட்டேன். கேட்காவிட்டாலும் தருவேன் என்றார். அவரையே அமர்த்தினோம்.

அவருடன் சேர்ந்து போட்ட திட்டம் இது: சீலிங்கின் மேல்பக்கம் முழுவதும் இரண்டு அங்குலம் மூடிய கண்ணறை ஃபோம், அதன் மேல் பதினாலு அங்குலம் ஊதிப் பரப்பும் செலுலோஸ். ஃபோம் ஏறக்குறைய ஆர்-12, அங்குலத்துக்கு ஆர்-3.5 வீதம் செலுலோஸ் ஏறக்குறைய ஆர்-49. மொத்தம் ஆர்-60ஐத் தொடும். ஒன்ராறியோவில் புதிய வீடுகளின் அட்டிக்குக்கு வழமையாகக் கேட்கப்படும் அளவும் அதுதான். இதே ஆர்-60ஐ ஃபோமால் மட்டும் எட்டுவதானால் பத்து அங்குலம் வேண்டும். ஃபோமின் விலையைப் போர்ட் ஃபுட் கணக்கில், அதாவது ஒரு சதுர அடிக்கு ஓர் அங்குலத் தடிப்பு என்ற அளவில் சொல்வார்கள். ஆயிரம் சதுர அடிச் சீலிங்குக்கு இரண்டு அங்குலம் என்றால் 2,000 போர்ட் ஃபுட், பத்து அங்குலம் என்றால் 10,000. காற்றடைப்பு முதல் இரண்டு அங்குலத்திலேயே கிடைத்துவிடுகிறது. மீதி எட்டு அங்குலத்தின் வேலையைச் செய்ய, பழைய செய்தித்தாளில் இருந்து செய்யப்படும் செலுலோஸ் போதும், விலையும் மிகக் குறைவு.

இந்தத் திட்டத்தை அம்மாவுக்கு விளங்கப்படுத்தியபோது அவர் கேட்ட கேள்வி, நான் விலை கேட்ட மூவரிடமும் கேட்டிருக்க வேண்டியது. “கூரைக்குக் காத்து வேணும் எண்டு சொல்லுறாய், பிறகு ஏன் தம்பி கீழை எல்லாத்தையும் அடைக்கிறாய்?” யாழ்ப்பாணத்து ஓட்டு வீட்டில் ஓடுகளின் இடுக்குகளாலும் முகட்டாலும் வெக்கை வெளியேறிக்கொண்டே இருக்கும், வீட்டுக் காற்றும் கூரைக் காற்றும் அங்கே ஒன்றுதான், அது ஒன்றாக இருப்பதால்தான் மதியத்திலும் உள்ளே இருக்க முடிகிறது. இங்கே அவை இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டும். சீலிங்குக்குக் கீழே நாம் காசு கொடுத்துச் சூடாக்கிய ஈரமான காற்று. சீலிங்குக்கு மேலே வெளியிலிருந்து இறவாரத் துவாரங்களால் நுழைந்து முகட்டுத் துவாரங்களால் போகும் உலர்ந்த குளிர்காற்று. மேலே உள்ளது தாராளமாக ஓட வேண்டும். சீலிங் பரப்பின் முந்நூறில் ஒரு பங்காவது துவாரம் வேண்டும் என்பது இங்கே பொது விதி. இரண்டும் கலக்கும் இடத்தில்தான் உறைபனி. இப்படிச் சொன்னதும் அம்மா, “அப்ப சீலிங்தான் எங்கட கூரை” என்றார். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேறொரு சந்தேகத்தைக் கிளப்பினார். கனடாவில் தடை செய்யப்பட்ட ஃபோம் இதுதானே என்றார். அவர் நினைத்தது யூரியா ஃபோர்மல்டிஹைடு ஃபோம்; 1970களில் பல வீட்டுச் சுவர்களுக்குள் ஊற்றப்பட்டு, 1980 டிசம்பரில் தடை செய்யப்பட்டது. இன்றைக்கும் ஒன்ராறியோவில் வீடு வாங்கும் ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வாசகம் இருக்கும். பொலியூரித்தேன் ஃபோம் அதிலிருந்து முற்றிலும் வேறான பொருள். ஆயினும் அவருடைய கேள்வி நியாயமானதே. பொலியூரித்தேன் ஃபோமிலும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. நுரைக்கும் பொருளாக முன்பு பயன்பட்ட எச்எஃப்சி வாயுக்கள் கரியமில வாயுவைவிடப் பல நூறு மடங்கு புவியைச் சூடாக்குபவை. 2021 ஜனவரியிலிருந்து கனடாவில் அத்தகைய ஃபோமுக்குத் தடை வந்து, புவியை மிகக் குறைவாகவே சூடாக்கும் எச்எஃப்ஓ கலந்தவை புழக்கத்துக்கு வந்தன. நான் பீப்பாயின் லேபிளைப் பார்த்து அதை உறுதிப்படுத்திக்கொண்டேன்.

ஃபோம் அடிக்க ஒரு நாள் போதும். அதற்கு முந்திய ஆயத்தம் இரண்டு வாரங்களை எடுத்தது. வேலையின் பெறுமதியில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வாரங்களில் இருந்தது என்றே சொல்வேன். முதலில் பழைய பாளங்களின் அடியில் வெர்மிக்குலைட் இருக்கிறதா என்று பார்த்தோம். மொன்டானாவின் லிபி சுரங்கத்திலிருந்து 1990 வரை வந்த, மினுங்கும் சிறு கற்கள் போன்ற அந்தப் பொருளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். இருந்தால் கை வைக்காமல் நிபுணரை அழைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இல்லை. பிறகு பாளங்களை எல்லாம் அகற்றி, எலிப் புழுக்கையையும் தூசியையும் உறிஞ்சி எடுத்தார்கள். குளியலறை விசிறியின் குழாய் அட்டிக்குக்குள்ளேயே திறந்து கிடந்ததை அப்போதுதான் கண்டோம். முன்பு வீட்டில் இருந்தவர்கள் காலம் தொட்டு, ஒவ்வொரு குளியலின் ஆவியும் கூரைப் பலகையில் போய்ப் படிந்திருக்கிறது. வெப்பக்காப்புச் சுற்றிய குழாய் ஒன்றைப் போட்டு அதைக் கூரைக்கு வெளியே கொண்டுபோனோம்.

ஹோலில் இருந்த நாலு குழி விளக்குகள் வெப்பக்காப்பால் மூடத் தக்கவையாக இல்லை. அவற்றின் மேல் ஃபோம் அடித்தால் சூடு வெளியேற வழியின்றித் தீ ஆபத்து. மின்பணியாளரை அழைத்து, மூடத் தக்க எல்இடி விளக்குகளாக மாற்றினோம். மின்கம்பி இணைப்புப் பெட்டிகளை எல்லாம் பின்னர் எட்டத் தக்கதாக உயர்த்தி, அவற்றின் இடத்தைக் கூரைச் சட்டத்தில் சிவப்புப் பேனாவால் குறித்தோம். ஃபர்னஸ் புகைபோக்கியைச் சுற்றி ஃபோம் படவே கூடாது. அங்கே தகரத் தகடு வெட்டிப் பொருத்தி, தீத்தாங்கும் பசையால் அடைத்தார்கள். இறவாரத்தின் ஒவ்வொரு இடைவெளியிலும் காற்றுப்பாதைத் தட்டுகளை ஆணியடித்து, ஃபோமும் செலுலோஸும் இறவாரத் துவாரங்களை மூடாதபடி செய்தார்கள். இந்தத் தட்டுகள் இல்லாமல் செலுலோஸ் ஊதினால், இறவாரம் முதல் நாளே அடைபட்டுவிடும்.

வேலையை ஒக்டோபரில் வைத்துக்கொண்டோம். மரம் உலர்ந்திருக்க வேண்டும், மிகவும் குளிர்ந்திருக்கக் கூடாது. இளைஞர் ஈரமானியின் இரு ஊசிகளையும் சட்டங்களில் குத்திக் குத்திப் பார்த்து, எல்லா இடத்திலும் 19 சதவீதத்துக்குக் கீழே இருந்த பிறகே குழாயை மேலே இழுத்தார். அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டு. ஐசோசயனேட்டு ஆவி ஆஸ்துமாவை உண்டாக்கவும் தூண்டவும் கூடியது என்பதால், 24 மணி நேரம் வீட்டுக்கு வரவேண்டாம் என்று அவர்கள் சொன்னதை இரண்டு இரவுகளாக்கி, அம்மாவையும் பிள்ளைகளையும் அஜாக்ஸில் உள்ள அக்கா வீட்டில் விட்டேன். அடிப்பவர்கள் வெளியிலிருந்து காற்று வரும் முகமூடியும் முழு உடல் உடுப்பும் அணிந்திருந்தார்கள். நான் கண்டது, அவர்கள் தொடங்குமுன் ஓர் அட்டைப் பெட்டியில் அடித்துக் காட்டிய மாதிரியை மட்டும்தான். பாகுபோல் விழுந்த திரவம் மூச்சு விடும் நேரத்துக்குள் பொங்கி எழுந்து, கொஞ்ச நேரத்தில் விரலால் அமுக்கினால் அமுங்காதபடி கட்டியானது. அதை அறுத்து உள்ளே கண்ணறைகள் சீராக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அவர் அட்டிக்குக்குள் ஏறினார்.

மூன்றாம் நாள் காலை, செலுலோஸ் ஊதுவதற்கு முன், நான் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டபடி என்னை மேலே விட்டார்கள். சட்டங்களுக்கு இடையே இளமஞ்சள் நிறத்தில் ஒரு தொடர்ச்சியான படை. கறுப்புக் கோடுகள் இருந்த இடமெல்லாம் மறைந்திருந்தது. ஆனால் குளியலறைக்கு மேலே, மூலையில், இரண்டு முழ நீளத்துக்கு மட்டும் நிறம் வேறாக இருந்தது. விரலால் அமுக்கினேன், அமுங்கியது. குனிந்தபோது மீன் வாடை அடித்தது. பீப்பாய் மாற்றிய வேளையில் கலவை விகிதம் தவறிய ஃபோம் அது. தானாகவே சரியாகிவிடும் என்று உதவியாளர் சொன்னார். சரியாகாது, விகிதம் தவறிய ஃபோம் மாதக்கணக்கில் வாடை விடும் என்று நான் படித்திருந்தேன். இளைஞர் வாதாடவில்லை. அந்தப் பகுதியை மரம் தெரியும்வரை வெட்டி எடுத்து, சுரண்டி, மறுபடி அடித்தார். செலுலோஸ் இரண்டு நாள் பிந்தியது. மேலே செலுலோஸ் விழுந்த பிறகு வாடையின் மூலத்தை யாராலும் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆகவே ஃபோமுக்கும் செலுலோஸுக்கும் இடையில் ஒரு நாள் ஒதுக்கி, நீங்களே ஏறி, கையால் அமுக்கி, மோந்து பாருங்கள் என்று இதைச் செய்ய நினைக்கும் ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன்.

வேலை முடிந்தபின் மதிப்பீட்டாளர் மறுபடி வந்து விசிறியை ஓட்டினார். மணிக்கு ஏழுக்கு மேல் இருந்த காற்று மாற்றம் ஐந்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அட்டிக் மூடிக்கு நாலு அங்குலக் கட்டி ஃபோம் பலகை ஒட்டி, விளிம்புக்கு ரப்பர் பட்டி போட்டோம். வீடு இறுகியதும் நாங்கள் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. எங்கள் வீட்டில் காலையில் சோறும் மாலையில் புட்டோ இடியப்பமோ அவிகின்றன. முன்பு சீலிங்கால் ஓடிப்போன ஆவி, இப்போது யன்னல் கண்ணாடியில் துளித்துளியாக நின்றது. அடுப்பின் மேலிருந்த விசிறி காற்றை வடிகட்டி மீண்டும் சமையலறைக்குள்ளேயே விடும் வகை. அதை வெளியே தள்ளும் விசிறியாக மாற்றி, நிலக்கீழறையில் வெப்பம் மீட்கும் காற்றோட்டக் கருவி ஒன்றையும் பூட்டினோம். அதனுடன் வாயுவில் எரியும் தண்ணீர் சூடாக்கியின் புகை திரும்பி வீட்டுக்குள் வருகிறதா என்றும் சோதிக்கச் செய்தேன். இறுக்கமான வீட்டில் வெளியே தள்ளும் விசிறிகள் ஓடும்போது, பழைய வகைச் சூடாக்கியின் புகைபோக்கி தலைகீழாக இழுக்கக் கூடும். அது உயிருக்கே ஆபத்து. இந்தச் செலவுகளை முதல் திட்டத்திலேயே சேர்த்திருக்க வேண்டும்.

இந்த ஜனவரியில் பெரிய வெண்பனி விழுந்து மூன்றாம் நாள் தெருவில் நின்று பார்த்தேன். எங்கள் கூரையில் பனி முகட்டிலிருந்து பீலி வரை ஒரே தடிப்பில், விழுந்தபடியே கிடந்தது. அடுத்த நாள் காலை டோர்ச்சுடன் மூடியைத் தூக்கித் தலையை மட்டும் உள்ளே நீட்டினேன். வெளியே மைனஸ் பதினெட்டு. அட்டிக்குக்குள்ளும் ஏறக்குறைய அதுவே. ஆணி நுனிகள் வரிசை வரிசையாக, உலர்ந்து, துருநிறத்தில் இருந்தன. வடகிழக்கு மூலையில் மட்டும் ஏழெட்டு ஆணிகளில் மெல்லிய வெண்படை கண்டேன். அங்கே கழிவுநீர்க் காற்றுப்போக்கிக் குழாய் ஃபோமை விட்டு ஒரு நூல் அளவுக்கு விலகியிருக்க வேண்டும். வெயில் வந்ததும் இளைஞரை அழைத்து அந்த ஒரு வளையத்தை மறுபடி அடைப்பதாக ஏற்பாடு. அம்மாவின் அறைக் கறையின் மேல் பெயின்ட் அடித்துவிட்டோம்.